3 விளிம்பு, 15 வழி: நெட்வொர்க்எக்ஸ் பயன்படுத்திப் பார்த்த கதை

என் பாடக்குறிப்பு நோட்டில் ஒரு பக்கத்தில் 10 என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தேன். பல வருடமாக வகுப்பில் அந்த எண்ணைத்தான் சொல்லிவந்தேன். அது தப்பு என்று எனக்குக் காட்டியது நெட்வொர்க்எக்ஸ் என்ற மென்பொருள் நூலகம். ஆகவே இந்த மதிப்புரையில் நன்றிக்கடனும் கொஞ்சம் கலந்திருக்கும். அதற்காகக் குறைகளைச் சொல்லாமல் விடப் போவதில்லை.

நான் கணக்கு ஆசிரியை. கிராஃப் தியரி எடுக்கிறேன். அதில் எனக்குப் பிடித்த மூலை, இணைப்பு வலையமைப்புகளின் தாங்குதிறன். நிறைய செயலிகளைக் கம்பிகளால் கோத்த ஒரு இணைகணினியை நினைத்துக்கொள்ளுங்கள். செயலி ஒவ்வொன்றும் ஒரு முனை, கம்பி ஒவ்வொன்றும் ஒரு விளிம்பு. ஒவ்வொரு செயலிக்கும் நேரடிக் கம்பி இருக்கிற இன்னொரு செயலி துணையாக வேண்டும். ஒருவருக்கு ஒருவர்தான், யாரும் தனியாக நிற்கக் கூடாது. எல்லா முனைகளையும் இப்படி ஜோடி ஜோடியாகப் பிரிக்க முடிந்தால் அது முழுப்பொருத்தம், பெர்ஃபெக்ட் மேட்சிங். சரி, இப்போது கம்பிகள் பழுதாகத் தொடங்குகின்றன. குறைந்தது எத்தனை கம்பி போனால், எப்படி மாற்றி மாற்றிச் சேர்த்தாலும் முழுப்பொருத்தம் அமையாமல் போகும்? அந்த எண்தான் மேட்சிங் ப்ரிக்ளூஷன் எண். நான் பொருத்தத்தடை எண் என்று சொல்வேன். பிரிகம், ஹராரி, வயலின், யெல்லன் நால்வரும் 2005-இல் கொண்டுவந்த கருத்து அது. முனைகள் ஒற்றைப்படை என்றால் ஒருவர் மட்டும் மிஞ்சலாம் என்று ஒரு சலுகை உண்டு. நான் இங்கே பேசுவதெல்லாம் இரட்டைப்படைதான்.

இந்த எண்ணுக்கு மேல்வரம்பு சுலபம். ஏதாவது ஒரு முனையைத் தொடும் விளிம்புகள் அனைத்தையும் வெட்டிவிட்டால் அந்த முனைக்குத் துணையே கிடையாது, கதை முடிந்தது. ஒரு முனையைத் தொடும் விளிம்புகளின் எண்ணிக்கைக்குப் படி என்று பெயர். ஆகவே மிகக் குறைந்த படி கொண்ட முனையின் படியைத் தாண்டி இந்த எண் போகாது. கேள்வி என்னவென்றால், அதைவிடக் குறைவாக வெட்டியே காரியத்தைக் கெடுக்க முடியுமா? அதே எண்ணிக்கையில், ஆனால் யாரையும் தனிமைப்படுத்தாமல், நயவஞ்சகமாகக் கெடுக்க முடியுமா?

இதையெல்லாம் காகிதத்தில் பார்த்துப் பார்த்துக் கை வலித்த பிறகுதான் பைத்தான் பக்கம் வந்தேன். நெட்வொர்க்எக்ஸ், பைத்தானுக்கான கிராஃப் நூலகம். ஆரிக் ஹேக்பெர்க், டான் ஷுல்ட், பீட்டர் ஸ்வார்ட் ஆகியோர் 2002-இல் தொடங்கியது. பொதுவெளிக்கு வந்தது 2005 ஏப்ரலில். பொருத்தத்தடை எண்ணும் இதுவும் ஒரே வருடத்துப் பிள்ளைகள் என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

நிறுவுவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வரிக் கட்டளை. அப்புறம் பீட்டர்சன் கிராஃப் வேண்டும் என்றால் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வந்து நிற்கும். 10 முனை, 15 விளிம்பு, ஒவ்வொரு முனைக்கும் படி 3. வெளி ஐங்கோணத்துக்கு 0 முதல் 4 வரை, உள் நட்சத்திரத்துக்கு 5 முதல் 9 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 0-க்கு நேர் உள்ளே 5, 1-க்கு 6 என்று வரிசையாக இருப்பதால் காகிதத்தில் படம் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம். இந்தச் சின்ன ஒழுங்கு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

15 விளிம்பில் 3 விளிம்பை எடுக்க 455 வழி. ஒவ்வொன்றாக எடுத்து, மிச்சத்தில் முழுப்பொருத்தம் இருக்கிறதா என்று கேட்டால் முடிந்தது வேலை. நான் எதிர்பார்த்தது 10. முனைக்கு ஒன்றாக, அந்த முனையின் மூன்று கால்களையும் வெட்டும் 10 வழிகள். நோட்டில் வட்டம் போட்ட அதே 10.

ஓட்டினேன். கேவலமான விடை வந்தது. 3 விளிம்பெல்லாம் வேண்டாம், 4-9 என்ற ஒரே ஒரு விளிம்பை எடுத்தாலே முழுப்பொருத்தம் இல்லை என்றது. அது சாத்தியமே இல்லை. எல்லா முனைக்கும் படி r ஆக இருந்து, இரட்டைப்படை முனைகளோடு, துண்டாக்கக் குறைந்தது r-1 விளிம்பாவது வெட்ட வேண்டிய கிராஃபில், எந்த r-1 விளிம்பை எடுத்தாலும் முழுப்பொருத்தம் மிஞ்சும் என்று 1972-இல் ப்ளெஸ்னிக் நிறுவிவிட்டார். பீட்டர்சனில் எந்த 2 விளிம்பை வெட்டினாலும் ஒன்றும் ஆகக் கூடாது.

தப்பு என்னுடையதுதான். மேக்ஸிமல் மேட்சிங் என்ற கட்டளையைப் பயன்படுத்தியிருந்தேன். வகுப்பில் மாணவர்களிடம் மேக்ஸிமல் (இனிச் சேர்க்க இடமில்லாதது) வேறு, மேக்ஸிமம் (இருப்பதிலேயே பெரியது) வேறு என்று தொண்டை வறளக் கத்துபவள் நான். அந்தக் கட்டளை கையில் அகப்பட்ட விளிம்பை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகும், இனிச் சேர்க்க முடியாது என்றதும் நின்றுவிடும். 0-1 எடுத்தது, 2-3 எடுத்தது. 4-க்கு 0, 3, 9 என்று மூன்று அண்டை. முதல் இரண்டுக்கும் துணை கிடைத்துவிட்டது, 9-க்குப் போகும் வழியை நான் வெட்டிவிட்டேன். 4 தனியாக நின்றது. அவ்வளவுதான். வெட்டாத கிராஃபில் இதே கட்டளை அதிர்ஷ்டவசமாக 5 ஜோடியையும் சரியாகக் கொடுத்திருந்ததால் நம்பிவிட்டேன். ஆவணத்தில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள், படிக்காமல் இறங்கியது என் அவசரம். நமக்கு வேண்டியது மேக்ஸ் வெயிட் மேட்சிங். எட்மண்ட்ஸ் 1965-இல் சொன்ன மலர்மொட்டு முறையில் ஓடுவது அதுதான். வந்த விடையை இஸ் பெர்ஃபெக்ட் மேட்சிங் என்ற கட்டளையிடம் கொடுத்தால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும்.

மாற்றி ஓட்டினேன். ஒற்றை விளிம்பில் ஒன்றும் இல்லை, இரட்டையில் ஒன்றும் இல்லை. மூன்றில் 15.

பத்து இல்லை. பதினைந்து. இந்த முறையும் நான் என் நிரலைத்தான் சந்தேகித்தேன். ஒரு மணி நேரம் வரிவரியாகப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அந்த அதிகப்படி 5 என்னென்ன என்று அச்சிடச் சொன்னேன். முதலில் வந்தது இது: 1-6, 3-4, 5-7. படத்தில் பார்த்தால் வெளி ஐங்கோணத்தில் ஒரு பக்கம், உள் நட்சத்திரத்தில் ஒரு கோடு, இரண்டையும் இணைக்கும் கால்களில் ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று தொடவே இல்லை. மற்ற நான்கும் இதையே ஒவ்வொரு எட்டாகச் சுழற்றியவை.

இதை வெட்டினால் ஏன் பொருத்தம் உடைகிறது? 0, 2, 8, 9 ஆகிய நான்கு முனைகளைத் தனியாகக் குறியுங்கள். அவற்றுக்குள் விளிம்பே இல்லை. மீதி 1, 3, 4, 5, 6, 7 என்ற ஆறு. அந்த ஆறுக்குள் இருந்தவை சரியாக நாம் வெட்டிய மூன்று விளிம்புகள் மட்டுமே. வெட்டிய பிறகு ஆறு பேரும் துணை தேட அந்த நால்வரிடம்தான் வர வேண்டும். நான்கு நாற்காலி, ஆறு ஆள். முடியாது, அவ்வளவுதான்.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு ஒன்று. வெட்டிய பிறகு மிஞ்சும் கிராஃபை வரையச் சொன்னேன். நால்வரும் ஒவ்வொருவரோடும் இணைந்திருக்க, ஒவ்வொரு இணைப்பின் நடுவிலும் ஒரு முனை உட்கார்ந்திருக்கிறது. அழகான, ஒரே துண்டான வலை. எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் நான்கு அடிக்குள் போய்விடலாம். இணைப்புத்திறனை மட்டும் அளந்து பார்ப்பவர் "வலை நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். யாரும் தனிமைப்படவில்லை, எதுவும் துண்டாகவில்லை. ஆனாலும் ஜோடி சேர முடியாது. பழுதான முனையை எல்லாரும் கண்டுபிடித்துவிடலாம். இந்த மாதிரிப் பழுது வெளியே தெரியாது. தாங்குதிறனுக்குத் தனியாக இப்படி ஓர் அளவுகோல் எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு இனி இந்தப் படத்தைத்தான் காட்டப் போகிறேன்.

எண்ணிக்கை 15-தான் என்பதற்குக் காகிதச் சான்றும் அன்று இரவே கிடைத்துவிட்டது. பீட்டர்சனில் மொத்தம் 6 முழுப்பொருத்தங்கள். எந்த இரண்டுக்கும் பொதுவாகச் சரியாக ஒரு விளிம்பு. 6-இலிருந்து 2 எடுக்க 15 வழி, விளிம்பும் 15. அதாவது ஒரு விளிம்பை வெட்டுவது என்றால் இரண்டு பொருத்தங்களைக் கொல்வது. மூன்று வெட்டில் ஆறையும் கொல்ல வேண்டுமானால் ஆறையும் இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரிக்க 15 வழி. அவற்றில் 10 முனைகளுக்குப் போக மிச்சம் 5. இவ்வளவு சுலபமாக இருந்தது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை.

யாரையும் தனிமைப்படுத்தாமல் கெடுக்க எத்தனை விளிம்பு வேண்டும் என்பதையே தனி எண்ணாக 2009-இல் செங், லெஸ்னியாக், லிப்மன், லிப்டாக் ஆகியோர் வரையறுத்தார்கள். கண்டிஷனல் மேட்சிங் ப்ரிக்ளூஷன் என்று பெயர். ஒரு முனையின் இரு அண்டைகளையும் அந்த ஒரு முனையை மட்டுமே நம்பி நிற்கும்படி செய்தால் இருவரில் ஒருவருக்குத் துணை கிடைக்காது. இதுதான் வழக்கமான உத்தி. படி 3 என்றால் இதற்கு 4 வெட்டு ஆகும். கனசதுரத்தைப் பல பரிமாணத்துக்கு நீட்டினால் வருவது ஹைப்பர்கியூப். முப்பரிமாண ஹைப்பர்கியூபில், அதாவது சாதாரணக் கனசதுரத்தில், விடை சரியாக 4. பீட்டர்சனிலோ 3-லேயே வேலை முடிந்துவிடுகிறது.

சரி, கருவிக்கு வருவோம். வழியில் கால் இடறிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டமாக விளிம்புகளை நீக்கும் கட்டளை, இல்லாத விளிம்பைக் கொடுத்தாலும் முனகாது. ஒரு எண்ணைத் தட்டச்சில் மாற்றி அடித்துவிட்டால் இரண்டு விளிம்பை மட்டும் நீக்கிவிட்டு மூன்றையும் நீக்கிய மாதிரி நிற்கும். ஒற்றை விளிம்பை நீக்கும் கட்டளை அப்படியில்லை, இல்லை என்றால் சத்தம் போடும். நான் இப்போது ஒவ்வொன்றாகத்தான் நீக்குகிறேன்.

முனைகளை இரண்டு பக்கமாகப் பிரித்தால் எல்லா விளிம்பும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கே போகும் கிராஃப், இருபிரிவு கிராஃப். அதற்கு ஹாப்கிராஃப்ட்-கார்ப் முறை தனியாக இருக்கிறது. மொட்டு முறையைவிட வேகம். ஆனால் அது தரும் விடை பைத்தானின் ஓர் அகராதி (டிக்ஷனரி), ஜோடி ஒவ்வொன்றும் இரு பக்கமாகவும் பதிவாகியிருக்கும். நீளத்தை அப்படியே ஜோடி எண்ணிக்கையாக எடுத்தால் இரட்டிப்பாக வரும். இன்னொன்று, விளிம்புகளை வெட்டும்போது கிராஃப் துண்டானால் எந்த முனை எந்தப் பக்கம் என்று தன்னால் தீர்மானிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். அது நியாயம்தான். ஒரு பக்கத்து முனைகளின் பட்டியலை முதலிலேயே நாம் கொடுத்துவிட்டால் பேசாமல் வேலை செய்யும். வெட்டுவதே நம் தொழில் என்பதால் இதை முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. அதில் மாட்டியது என் மாணவி.

"மேடம், ஸ்டார் கிராஃப் 4-க்கு 24 முனை வரணும்னு சொன்னீங்க. எனக்கு 5 தான் வருது."

"என்னம்மா போட்ட?"

"ஸ்டார் கிராஃப்னே போட்டேன் மேடம். படம் பார்த்தா நடுவுல ஒரு புள்ளி, சுத்தி நாலு."

வலையமைப்புக்காரர்கள் ஸ்டார் கிராஃப் என்பது வேறு. ஏக்கர்ஸும் கிருஷ்ணமூர்த்தியும் ஹைப்பர்கியூபுக்கு மாற்றாக முன்வைத்தது. 4 எழுத்துகளின் 24 வரிசைமாற்றங்கள்தான் முனைகள், முதல் எழுத்தை வேறொரு எழுத்தோடு இடம் மாற்றினால் கிடைப்பது அண்டை. நெட்வொர்க்எக்ஸில் அந்தப் பெயரில் இருப்பது நடுவே ஒரு முனை, சுற்றிலும் கால்கள். வலையமைப்பு ஸ்டார் வேண்டுமானால் நாமே கட்ட வேண்டும். ஏழெட்டு வரி நிரல்தான். அவளே எழுதி, 36 விளிம்பில் 7,140 மூன்றுகளையும் சோதித்து, 24 வந்தது என்று மறுநாள் காட்டினாள். முனைக்கு ஒன்று, அதிகப்படி எதுவும் இல்லை. பீட்டர்சன் மாதிரி ஒளிந்த பலவீனம் இதில் கிடையாது. இப்படிப்பட்ட கிராஃபைச் சூப்பர் மேட்ச்ட் என்பார்கள்.

படம் வரைவது சுமார்தான். சும்மா வரையச் சொன்னால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரையும், பீட்டர்சன் ஒரு தடவை நூல்கண்டு மாதிரிகூட வந்தது. உள்வட்டம் வெளிவட்டம் என்று முனைகளை நாம் பிரித்துக் கொடுத்தால் ஒழுங்காக வரும். படம் எங்கள் முக்கிய நோக்கம் இல்லை என்று அவர்களே ஆவணத்தில் எழுதியிருப்பதால் மதிப்பெண் குறைக்கவில்லை.

குறைப்பது வேகத்துக்கு. முழுக்கப் பைத்தானில் எழுதியது, அதன் விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இருந்தாலும் முக்கால் பங்கு பழி கணக்கின் மேல்தான். ஹைப்பர்கியூபை எடுத்துக்கொள்ளுங்கள். பரிமாணம் எத்தனையோ அத்தனைதான் ஒவ்வொரு முனையின் படி, அத்தனை விளிம்பைத்தான் ஒவ்வொரு தடவையும் வெட்டிப் பார்க்க வேண்டும். 3 பரிமாணத்தில் 12 விளிம்பு, 220 மூன்றுகள், விடை 8. கண் இமைக்கும் நேரம். 4 பரிமாணத்தில் 35,960 சோதனை, விடை 16. காபி கலக்கும் நேரம். 5 பரிமாணத்தில் 80 விளிம்பு, 2,40,40,016 சோதனை. 6 பரிமாணம் என்பது 1983-இல் கால்டெக்கில் ஓடிய காஸ்மிக் கியூப் என்ற இணைகணினியின் வடிவம், 64 முனை, 192 இணைப்பு. அதில் 6 இணைப்புகளைத் தேர்ந்தெடுக்க 6,430 கோடி வழி. சோதனைக்கு ஒரு மில்லி நொடி என்றே வைத்தாலும் 2 வருடத்துக்கு மேல். பொதுவாக இந்த எண்ணைக் கணக்கிடுவது இருபிரிவு கிராஃபுக்கே என்பி-கடினம், அதாவது வேகமான வழி எதுவும் யாருக்கும் தெரியாத வகை, என்று 2012-இல் நிறுவியும்விட்டார்கள். ஆகவே வேறு மொழியில் எழுதிய வேகமான நூலகத்துக்கு மாறினாலும் சுவர் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவே.

மாற வேண்டியது நம் கேள்வி கேட்கும் முறை. எல்லாத் தேர்வுகளையும் அடுக்குவதற்குப் பதில், முதலில் ஒரு முழுப்பொருத்தத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தடையானாலும் அதில் ஒரு விளிம்பையாவது வெட்டியே தீர வேண்டும். 5 பரிமாணத்தில் ஒரு பொருத்தத்தில் 16 விளிம்பு. ஒவ்வொன்றாக வெட்டி, மிச்சத்தில் மறுபடி ஒரு பொருத்தம் கேட்டு, மறுபடி 16 கிளை. ஐந்து அடுக்கில் 10,48,576. ஹைப்பர்கியூபில் எல்லா விளிம்பும் ஒரே ஜாதகம் என்பதால் முதல் விளிம்பை நாமே நிலையாக வைத்துக்கொள்ளலாம், நான்கு அடுக்குப் போதும், 65,536. ஒரே தொகுதி பல வழியாக வரும், கணமாக்கி (செட்) போட்டால் ஒன்றாகிவிடும். இந்த நிரல் மொத்தம் 20 வரிகூட இல்லை. இப்படி நினைத்ததை நினைத்த மாதிரி எழுதவிடுவதுதான் நெட்வொர்க்எக்ஸின் பலம். வேகமான கருவிகளில் இந்த யோசனையைச் சோதிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

5-க்கு 4 தருகிறேன். பெரிய வலையைத் தினமும் அலச வேண்டியவர்கள் வேறு இடம் பார்க்கலாம். நூறு முனைக்குள் ஒரு கிராஃபைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இது போதும்.

5 பரிமாணத்தில் நிலையாக வைத்த விளிம்புக்கு 2 தொகுதிகள் வந்தன, அதன் இரு முனைகளுக்கு ஆளுக்கு ஒன்று. காஸ்மிக் கியூப் அளவுக்கு இதே நிரலில் 3,35,54,432 கிளைகள். நேற்று ராத்திரி ஓட விட்டேன், மடிக்கணினியின் விசிறி இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது. அதிலும் 2 தான் வர வேண்டும். நோட்டில் எழுதி வைத்துவிட்டேன், இந்தத் தடவை பென்சிலில்.